தவக்காலத்தில் முகநூலை விட்டுவிடலாமா?

கேள்வி:
மதுவை நிறுத்திய பின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் இயக்கம்) கூட்டங்களுக்குத் தவறாமல் சென்று வருகிறேன். காலை செபத்திற்குப் பின் எழுதும் சிறு குறிப்பை முகநூலில் இடுவது வழக்கமாகி, இப்போது செபத்தைவிட விருப்பக்குறிகளிலேயே மனம் நிற்கிறது. தவக்காலம் முழுவதும் விலகியிருக்க எண்ணுகிறேன். ஆனால் எனக்கு ஆறுதல் சொல்பவர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

மறுமொழி 1:
விலகுங்கள் ஐயா. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பிறந்த இவ்வியக்கம் மீட்சிக்கு வகுத்த பன்னிரண்டு படிகளில் பத்தாம் படி, தன்னைத் தொடர்ந்து சோதித்து, தவறு கண்டால் உடனே ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. பதினொன்றாம் படி செபத்தையும் தியானத்தையும் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மறுமொழி 2:
சரிதான், ஆனால் தனிமை ஆபத்தானது. விலகுமுன் உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரான ஸ்பான்சரின் எண்ணையும், நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்கக்கூடிய சிலரின் எண்களையும் தாளில் எழுதிவையுங்கள். மேலும், அச்சு, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர் தம் அடையாளத்தை வெளியிடலாகாது என்ற பழைய மரபைப் பலர் முகநூலுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

கேட்டவர்:
நன்றி. தவக்காலத்தின் 40 நாள் கணக்கில் ஞாயிறுகள் சேராதே, அன்று மட்டும் பார்க்கலாமா?

மறுமொழி 1:
குடியை விட்டபோது ஞாயிறு விலக்குக் கேட்டீர்களா?