புல்வெளியையும் ஊற்றுச் சதுப்பையும் பெயர்த்து நட்டால் அதே செடிகள் நிலைக்குமா?

கேள்வி: தோட்டக்காரர், நாகலூர்

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தை ஒட்டிய சரிவில் ஒரு சிறு புல்வெளியும், அதன் அடியில் கோடையிலும் ஈரம் காயாத ஊற்றுச் சதுப்பும் உள்ளன. மேலே சுக்குநாறிப்புல்லும், மழைக்காலத்தில் தரையில் முளைக்கும் ஆர்க்கிடுகளும் இருக்கின்றன; கீழே கோரையும் வல்லாரையும் அடர்ந்திருக்கின்றன. பாதையை அகலப்படுத்தினால் இரண்டும் அழிந்துவிடும் என்பதால், வேர்மண்ணோடு பாளம் பாளமாகப் பெயர்த்து, முன்பு காப்பி இருந்த காலி இடத்தில் பதித்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். அப்படிச் செய்தால் இந்தச் செடிக்கூட்டம் மாறாமல் இருக்குமா?

பதில்: தாவரவியல் ஆசிரியர், சேலம்

மாறும், ஐயா. பெயர்க்கும்போது அறுபட்ட வேர்கள் மட்கி மண்ணில் நைட்ரஜனை விடுவிக்கின்றன. புரண்ட மண்ணில் உறங்கிக் கிடந்த விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. எனவே முதல் மழையிலேயே பாளங்களின் இடைவெளிகளில் பார்த்தீனியமும் அப்பக்கொடியும் எழும். பாளங்கள் நெருக்கமாகப் பதிந்திருந்தால் பல்லாண்டுப் புற்கள் மெல்ல இடைவெளியை மூடி இவற்றை அடக்கிவிடலாம். கவலைக்குரியது நீங்கள் சொன்ன அந்தக் காலி இடம்தான். காப்பிக்கு ஆண்டுக்கணக்கில் உரமிட்ட மண்ணில் பாஸ்பரஸ் எளிதில் குறைவதில்லை. சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய சிறு செடிகளை, அந்தச் சத்தை உண்டு உயரும் செடிகள் நிழலில் அமுக்கிவிடும். ஆகவே அங்குள்ள மேல்மண்ணை முதலில் வழித்தெடுத்துவிடுங்கள்.

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் திரிஸ்லிங்டன் என்னுமிடத்தில், சுரங்கத்திற்காக அழியவிருந்த சுண்ணாம்புப் புல்வெளியை 1980-களில் பெரிய பாளங்களாகப் பக்கத்து நிலத்திற்கு மாற்றினார்கள். மண்ணைக் கொட்டிப் பரப்புவதைவிட இம்முறையில் செடிகள் கூடுதலாகத் தப்புகின்றன. ஆனாலும் இடமாற்றம், உள்ள இடத்திலேயே காப்பதற்கு மாற்றாகாது என்றே பிரிட்டனின் அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் 2003-இல் வெளியிட்ட கொள்கை கூறுகிறது.

முப்பது செண்டிமீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பாளம் ஏறத்தாழ அரை டன் எடையிருக்கும். இயந்திரக் கரண்டியில் அது நொறுங்கினால், பூஞ்சைத் துணையோடு வாழும் ஆர்க்கிடுகளே முதலில் பாதிக்கப்படும்.

பதில்: ஏரிப் பணியில் ஈடுபடுபவர், கன்னங்குறிச்சி

புல்வெளியைப் பற்றி ஆசிரியர் சொன்னது சரியே. சதுப்பின் நிலை இன்னும் கடினமானது. அங்கே செடிகளைத் தீர்மானிப்பது மண்ணைவிட நீர்தான்: எந்த மாதம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, ஓடுகிறதா தேங்குகிறதா என்பவையே யார் வாழ்வது என்று முடிவு செய்கின்றன. ஊற்றைப் பெயர்க்க எந்த இயந்திரமும் இல்லை. புதிய இடம் ஒரு கோடை காய்ந்துவிட்டால், காற்றுப் புகாமல் கிடந்த இலைமட்கு சிதைந்து சத்தை வெளியிடும். கோரையின் இடத்தில் உண்ணிச்செடி ஏறும். நீர் மிகுந்து தேங்கினாலோ சம்பு ஒன்றே எல்லாவற்றையும் மூடிவிடும்.

பெயர்ப்பதற்கு முன் இரண்டு இடங்களிலும் துளையிட்ட குழாய்களை மண்ணில் இறக்கி, பங்குனி முதல் ஐப்பசி வரையாவது நீர்மட்டத்தை அளந்து ஒப்பிடுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் பாளங்களைக் கொண்டுபோவதில் பயனில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சதுப்பை விட்டுவிட்டுப் பாதையை மேற்பக்கமாகத் திருப்ப முடியுமா என்று கேட்கப்போகிறேன். அப்போது புல்வெளியின் ஒரு பகுதியை மட்டும் நகர்த்த நேரும். மாற்றத்தைக் கவனிப்பது எப்படி?

பதில்: தாவரவியல் ஆசிரியர், சேலம்

மிகவும் நல்ல முடிவு, ஐயா. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை நிலையான இடங்களில் வைத்து, பெயர்ப்பதற்கு முன்பும், பிறகு ஆண்டுதோறும் அதே மாதத்திலும் ஒவ்வொரு செடியும் மூடும் பரப்பைக் குறித்து வையுங்கள். தொடாமல் விட்ட பகுதியிலும் அதே கணக்கை எடுத்தால்தான், மழை குறைந்ததால் வந்த மாற்றம் எது, பெயர்த்ததால் வந்தது எது என்று பிரித்தறிய முடியும். இப்போது அங்கே மாடு மேய்கிறதென்றால் புதிய இடத்திலும் மேய்ச்சலோ அறுப்போ தொடர வேண்டும். ஆனால் வேர் பிடிக்கும் வரை மாடுகளை விடாதீர்கள். பாதை ஊற்றுக்கு மேலே போவதால், அதன் அடியில் கருங்கல் அடுக்கி, கசிவு நீர் தடையின்றிக் கீழே இறங்க வழி விடச் சொல்லுங்கள்.