அம்மாவின் ரத்த ரிப்போர்ட்: எங்கள் குடும்பக் குழுவில்

தம்பி: அம்மாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. வெள்ளை அணு 26,000! போன வாரம், புற்றுநோய்க்கான கீமோவுக்குப் பிறகு, வெறும் 1,400தான் இருந்தது.

மதுரை அத்தை: ஐயோ, இப்படியா ஏறும்? உள்ளே ஏதாவது கிருமி தொற்றிவிட்டதா?

பெரியக்கா: தம்பி, காய்ச்சல் இருக்கிறதா? கடைசி ஊசி எப்போது போட்டார்கள்?

தம்பி: காய்ச்சல் இல்லை அக்கா. ஊசி நேற்றுக் காலை போட்டார்கள். ஃபில்கிராஸ்டிம், 5 நாளாகத் தினமும் ஒன்று.

பெரியக்கா: அப்படியானால் பெரும்பாலும் அந்த ஊசியின் வேலைதான் அத்தை. எங்கள் வார்டில் அடிக்கடி பார்க்கிறேன். கீமோவில், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் அடிபடும். அதனால் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணு ரொம்பவும் இறங்கிவிடும். நம் உடம்பிலேயே சுரக்கும் ஜி-சிஎஸ்எஃப் என்ற புரதத்தைத்தான் மருந்தாகத் தயாரித்து ஊசியில் கொடுக்கிறார்கள். அது மஜ்ஜையில் நியூட்ரோபில் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களை வேகமாகப் பெருக்கி, முழுதாக முதிர்வதற்கு முன்பே சிலவற்றை ரத்தத்துக்குள் அனுப்பிவிடும்.

சித்தப்பா: அப்போ எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு அண்ணியை அழைத்து வரலாமே?

பெரியக்கா: வேண்டாம் சித்தப்பா. ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் பாதியாகக்கூட இறங்கும். ஏறியிருப்பதும் முக்கியமாக நியூட்ரோபில்தான், எல்லா வகை வெள்ளை அணுவும் இல்லை. கூட்டத்துக்குள் அம்மாவை விட எனக்கு மனசில்லை.

மதுரை அத்தை: ராத்திரி முழுக்க இடுப்பும் முதுகும் வலித்தது என்றார்களே அண்ணி?

பெரியக்கா: மஜ்ஜை மும்முரமாக வேலை செய்யும்போது அந்த எலும்புகள் வலிக்கும். பாராசிட்டமால் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் மாத்திரைக்கு முன்னால் காய்ச்சல் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் காய்ச்சல் மறைந்துவிடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இடப்பக்கம் மேல்வயிறோ இடது தோளோ வலித்தாலும் அப்படித்தான். இந்த ஊசியால் மண்ணீரல் வீங்கியிருக்கலாம்.

மதுரை அத்தை: சரிம்மா. நான் ஒரு லேகியம் வாங்கி வைத்திருக்கிறேன், ரத்தம் ஊறுமாம்.

பெரியக்கா: உங்கள் அக்கறை புரிகிறது அத்தை. கீமோ முடியும் வரை டாக்டரிடம் கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம்.

தம்பி: ஃப்ரிட்ஜில் இன்னும் ஒரு ஊசி இருக்கிறது. இன்றைக்குப் போடுவதா?

பெரியக்கா: போடாதே. ரிப்போர்ட்டை முதலில் டாக்டருக்கு அனுப்பு. அடுத்த கீமோவுக்கு முந்தைய 24 மணி நேரத்திலும் இதைப் போடக் கூடாது. புதிதாகப் பெருகும் அணுக்கள் கீமோவில் இன்னும் மோசமாக அடிபடும்.

தம்பி: டாக்டர் பார்த்துவிட்டார். ஊசி போதுமாம், திங்கட்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார்.