ஓடியன் டிக்கெட்: கோலாலம்பூரா, பினாங்கா? எந்த வருஷம்?

பாகான்_வாசி:
பழைய சாமான் கடையில் வாங்கிய பாட்டுப் புத்தகக் கட்டுக்குள் ஒரு கவர் இருந்தது. அதில் பாதி கிழித்த சினிமா டிக்கெட் ஒன்று. மேலே ‘பங்கோங் ஓடியன்’ (மலாயில் ‘ஓடியன் தியேட்டர்’) என்று ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில் எழுதிய மலாயில் அச்சு. ரப்பர் முத்திரையில் சனிக்கிழமை, ஆகஸ்ட் 14, இரவு 9.30. விலை டாலர் குறியோடு 1.00, கேளிக்கை வரி தனியாக சென் கணக்கில். வருஷம் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை.

கூடவே 35 எம்.எம். பிலிம் துண்டு இரண்டு. ஒன்று கறுப்பு வெள்ளை. மற்றது கலர், மொத்தமும் ரோஸ் நிறமாகிவிட்டது, ஆட்களெல்லாம் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒடுங்கித் தெரிகிறார்கள். கடைக்காரர் எல்லாமே 1950களின் கோலாலம்பூர் என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பத்துரோடு_பழசு:
விற்கிறவர்களுக்கு எல்லாமே 1950தான், விலை ஏறும் இல்லையா! டிக்கெட்டே பதில் சொல்லும், பாருங்கள்.

முதலில் கிழமை. ஆகஸ்ட் 14 சனிக்கிழமையில் வந்த வருஷங்கள் 1943, 1948, 1954, 1965, 1971, 1976, 1982, 1993. இந்த ஏழெட்டில் ஒன்றுதான். 1943 ஜப்பான்காரன் காலம். அப்போது ஆண்டையே 2603 என்று போட்டார்கள், ஆங்கிலக் கணக்கும் மலாய் அச்சும் இப்படிக் கலந்து வராது. 1993இல் ஒரு டாலருக்கு இரவுக் காட்சி ஏது? தவிர அந்த வருஷம்தான் டாலர் குறி போய் ‘ஆர்எம்’ (ரிங்கிட் மலேசியா) வந்தது.

அடுத்து ‘சென்’. ஆங்கிலத்தில் அடித்த பழைய டிக்கெட்டில் ‘சென்ட்ஸ்’ என்றிருக்கும். காசில் ‘சென்’ என்று பொறித்தது 1967இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா புது நாணயம் விட்டபோது. தேசிய மொழிச் சட்டமும் அதே 1967தான். மலாய்க்காரர் பேச்சில் ‘சென்’ அதற்கு முன்பே உண்டு என்பதால் 1965ஐ அடியோடு தள்ள முடியாது, ஆனால் சந்தேகம்தான். 1948ம் 1954ம் போச்சு.

மிச்சம் 1971, 1976, 1982. இங்கே ‘பங்கோங்’ உதவும். 1972 ஆகஸ்டில் வந்த புது மலாய் எழுத்துமுறையில் கடைசி அசையின் ‘ஓ’ ‘உ’ ஆனது: ‘கம்போங்’ ‘கம்புங்’ ஆன மாதிரி ‘பங்கோங்’ ‘பங்குங்’ ஆகிவிட்டது. பழைய எழுத்து என்றால் என் ஓட்டு 1971க்கு.

பினாங்கு_நோட்டீஸ்:
அண்ணன் சொன்னதில் ஒரு ஓட்டை. எழுத்துமுறை மாறிய மறுநாளே யாரும் டிக்கெட் கட்டைக் குப்பையில் போடவில்லை. அச்சடித்த கட்டு தீரும்வரை ஓடும், அச்சகத்தில் பழைய பிளாக்கும் கிடக்கும். தியேட்டர் முகப்பில் ‘ஓ’ எழுத்து அதற்குப் பிறகும் நின்றது. 1976ஐயும் பட்டியலில் வையுங்கள்.

ஊர்தான் பெரிய சிக்கல். ஓடியன் கோலாலம்பூரிலும் இருந்தது, பினாங்கு ரோட்டிலும் இருந்தது, சிங்கப்பூரிலும் இருந்தது. ரெக்ஸ், கத்தே, மெஜஸ்டிக் எல்லாம் இதே கதை. கோலாலம்பூர் ஓடியன் 1936இல் கட்டியது, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் ஜாலான் டாங் வாங்கியும் சேரும் மூலை. டிக்கெட்டைப் பூதக்கண்ணாடியில் ஓரமாகப் பாருங்கள்: அடியில் பொடியாக அச்சகத்தின் பெயர் இருந்தால் பெரும்பாலும் ஊரும் இருக்கும். கிழித்த பாதியில் போயிருந்தால் காகிதத்தை வைத்து ஊர் சொல்ல முடியாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நோட்டீசும் கிடைத்தால் முகவரியைப் பாருங்கள். அந்த ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானின் பழைய பெயர் பத்து ரோடு; நாட்டின் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் 1960இல் காலமான பிறகுதான் அதற்கு அவர் பெயர் வந்தது. ஆக, புதுப் பெயர் இருந்தால் 1960க்குப் பின் என்பது உறுதி. பழைய பெயர் மட்டும் இருந்தால் ஒன்றும் நிரூபணமில்லை; வாய்ப் பழக்கத்தில் ‘பத்து ரோடு’ வெகுகாலம் நின்றது. கொலிசியம் தியேட்டரும் அதே சாலைதான்.

பாகான்_வாசி:
டிக்கெட்டில் அச்சகப் பெயர் இல்லை, கிழிந்த பக்கம் போலிருக்கிறது. கறுப்பு வெள்ளைத் துண்டின் ஓரத்தில் ‘ஓர்வோ’, ‘சேஃப்டி’ என்று இருக்கிறது. ரோஸ் துண்டில் அடியில் மலாய் எழுத்து. லேசாகப் புளித்த வாடை.

ரீல்_பெட்டி:
பிலிமும் டிக்கெட்டும் ஒரே கவரில் இருந்ததால் ஒரே படம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

‘ஓர்வோ’ கிழக்கு ஜெர்மன் பிலிம். அந்தப் பெயர் வந்ததே 1964இல். ஆக 1950கள் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. ‘சேஃப்டி’ என்றால் எளிதில் தீப்பிடிக்காத பிலிம் என்ற குறி; அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. நெகட்டிவ் ஓரத்து எழுத்தும் பிரதியில் பதிந்துவிடும். தெளிந்த ஓரத்தில் கறுப்பு எழுத்து என்றால் அந்தப் பிரதியின் சொந்த எழுத்து. கறுத்த ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் நெகட்டிவிலிருந்து வந்தது.

ஆள் ஒடுங்கித் தெரிவது சினிமாஸ்கோப். படமெடுக்கும்போது அகலத்தை நெருக்கி, புரொஜக்டர் லென்ஸில் விரிப்பார்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் ‘ராஜராஜ சோழன்’, 1973. துண்டு தமிழ்ப் படம்தான் என்றால் அதற்கு முன்னால் போகாது. 1971 டிக்கெட்டோடு ஒட்டாது என்று புரிகிறதா? கலர் ரோஸ் ஆனது, மற்றச் சாயங்கள் முதலில் வெளுத்து மஜந்தா மட்டும் நின்றதால். அந்தக் காலக் கலர் பிரதிகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

மலாய் எழுத்து இருப்பதால் நம் மலேசியா, சிங்கப்பூர் பக்கத்துக்கு வந்த பிரதி. நீளத்தை அளந்து பார்க்க வேண்டாம்: 16 கட்டம் ஒரு அடி, வினாடிக்கு 24 கட்டம். ஒரு முழம் பிலிம் திரையில் ஒரு வினாடி.

பத்துரோடு_பழசு:
டிக்கெட்டுக்கு முடிவு வேண்டுமென்றால் பத்திரிகை விளம்பரம் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பில் ‘ஓடியன்’ என்று தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். தேதியை 1971 ஆகஸ்ட் 13–15 என்று சுருக்குங்கள், பிறகு 1976க்கும் அதே மாதிரி. தமிழ் விளம்பரங்களில் படத் தலைப்பைச் சித்திர எழுத்தில் வரைந்திருப்பார்கள், கணினித் தேடல் அதைப் படிக்காது. பக்கத்தைக் கண்ணால்தான் புரட்ட வேண்டும். முக்கியம்: அங்கே கிடைப்பது சிங்கப்பூர்ப் பதிப்பாக இருந்தால் ‘ஓடியன்’ விளம்பரம் நார்த் பிரிட்ஜ் ரோட்டு ஓடியனுடையது. இதில் ஏமாறுபவர்கள் நிறைய.

கோலாலம்பூருக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் தமிழ் நேசன் நாளிதழைக் கேளுங்கள் (1924 முதல் 2019 வரை வந்தது). வேண்டிய மாதத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். சனிக்கிழமை நள்ளிரவுக் காட்சிக்கு வேறு படம் போடுவது வழக்கம், அது தனி வரியில் இருக்கும், உங்களுடையது 9.30 என்பதால் பெரிய விளம்பரத்தில் உள்ள படம்தான்.

ரீல்_பெட்டி:
புளித்த வாடை வந்தால் பிலிமின் அடிப்பொருளான அசிட்டேட் அழுக ஆரம்பித்துவிட்டது. அந்த வாயு பக்கத்தில் உள்ள நல்ல பிலிமையும் கெடுக்கும். ரோஸ் துண்டைத் தனியாக எடுங்கள், பிளாஸ்டிக்கில் இறுக்கி மூடாதீர்கள், காகித உறையில் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். முதலில் இரண்டு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஓரத்தோடு சேர்த்துப் படமெடுத்து இங்கே போடுங்கள்.