அர்பத்நாட் மாதிரி அரிய ஸ்காட்டிஷ் குடும்பப்பெயர்க்காரர் யாரையாவது சந்தித்ததுண்டா? – அனுபவப் பகிர்வு

வடகடல்வாசி (அபர்டீன்)

அர்பத்நாட் யார் என்று இங்கே விளக்கவேண்டியதில்லை. மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி 1906 அக்டோபர் 22இல் கதவடைத்த கதை எல்லோரும் கேட்டதுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அபர்டீனிலிருந்து தெற்கே கடலோரமாகவே வந்து, இன்வர்பெர்வியில் உள்பக்கம் திரும்பினால் அர்பத்நாட் என்றே ஓர் ஊர். ஊர் என்றால் நாலு வீடு, ஒரு ஹால், பள்ளத்தில் பெர்வி ஆறு, மேட்டில் 1242இல் பிரதிஷ்டை செய்த தேவாலயம். ஒரு நாவலாசிரியரின் கல்லறை அங்கே இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் போனேன். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா மண்டியிட்டு ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளித் தண்ணீர், கையில் பிரஷ். கல்லில் ஆரஞ்சு நிறத்தில் அப்பிக்கொள்ளுமே, அந்தக் கல்பாசி. எழுத்துக்குள் இறங்கியதை மரக்குச்சியால் நோண்டி எடுத்தார்.

பேச்சுக் கொடுத்தேன். அவர் பிறந்த வீட்டுப் பெயர் அர்பத்நாட். கல்லுக்கு அடியில் இருப்பது அவருடைய அத்தை. மேலே அத்தையின் கணவர் பெயர், கீழே அத்தையின் பெயர், அதுவும் பிறந்த வீட்டுப் பெயரோடு. ஸ்காட்லாந்தில் பழைய கல்லறைகளில் அப்படித்தான் வெட்டியிருப்பார்கள். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் பதிவேட்டிலிருந்து மறையாது.

எந்த ஊர் என்று கேட்டார். சென்னை, பழைய மெட்ராஸ் என்றேன். அங்கே எங்கள் பெயர் தெரியுமா என்றார். தெரியும், உங்கள் பெயரில் ஒரு பெரிய வங்கி இருந்தது, முழுகிப்போய் ஆயிரக்கணக்கான பேர் பணம் போனது, சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது என்று சொல்லிவிட்டேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. பெயரின் கடைசி எழுத்தைக் குச்சியால் சுத்தம் செய்துகொண்டே, "இங்கிலீஷில் கடைசியில் எத்தனை டி (t)?" என்றார்.

"ஒன்று என்று நினைக்கிறேன்."

"அப்படியா. நாங்கள் இரண்டு டி."

வாளியைச் சாய்த்துக் கல்லைக் கழுவினார். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து இது மண்டையைக் குடைகிறது. ஒரே ஓர் எழுத்தை வைத்து ஒரு பெரிய கடனை இவ்வளவு சுலபமாகக் கழற்றிவிட முடியுமா? உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

பாரிமுனை (சென்னை)

அந்தம்மா சொன்னதில் என்ன தப்பு சார்? கழற்றிவிடவெல்லாம் இல்லை. 1641இல் மன்னர் முதலாம் சார்லஸ் வைகவுன்ட் என்ற பிரபுப் பட்டம் கொடுத்தாரே, அந்தத் தலைமைக் கிளை இரண்டு டி. ஊர்ப் பெயரும் இரண்டு டி. பிரிந்துபோன கிளைகளில் பல, நம்ம மெட்ராஸ்காரர்கள் உட்பட, ஒரு டி. ஆனால் எல்லாம் ஒரே வேர். 12ஆம் நூற்றாண்டில் பெர்விக்ஷயரின் ஸ்வின்டனிலிருந்து ஹியூ என்று ஒருவர் அங்கே நிலம் பெற்றுக் குடியேறினார். அதற்கப்புறம் ஸ்வின்டன் போய், மண்ணின் பெயரே குடும்பத்தின் பெயர் ஆயிற்று. 1206இலேயே டங்கன் என்கிற அர்பத்நாட், கோயில் நிலத்துக் குடிகளைக் கிளப்பியதற்காகப் பெர்த்தில் சர்ச் விசாரணைக்கு நின்றிருக்கிறார். அந்தக் காலப் பத்திரங்களில் அபர்போதெனாத் என்று வரும். அபர் என்றால் ஆறு சேருமிடம். அபர்டீனில் இருக்கும் அதே அபர்தான்.

இன்னொன்று. எடுத்தவுடன் 1906ஐ எடுத்து அந்தம்மா தலையில் போட்டீர்களே, அதே குடும்பத்து அலெக்சாண்டர் ஜான் அர்பத்நாட் 1855இல் மெட்ராஸ் மாகாணத்தின் முதல் கல்வித் துறை இயக்குநர். 1872இல் சில மாதம் தற்காலிக கவர்னர். அதையும் சொல்லியிருக்கலாமில்லையா?

என் கதை சின்னது. தீவுத்திடல் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, மே மாத வெயிலில், பெரிய வம்சாவளிப் படத்தைப் பாயைப்போல் விரித்துக் கல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாவின் தாய்வழி அர்பத்நாட். படத்தில் ஜட்லாண்ட் கடற்போரில் 1916இல் 'டிஃபன்ஸ்' கப்பலோடு மூழ்கிய அட்மிரல் ராபர்ட் அர்பத்நாட்டுக்கு ஒரு பத்தி. ஆன் ராணியின் வைத்தியர் டாக்டர் ஜான் அர்பத்நாட்டுக்கு ஒரு பத்தி. மெட்ராஸ் கிளைக்கு "வணிகம், மெட்ராஸ்" என்று இரண்டே சொல். நான் அந்த இடத்தில் விரலை வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏதாவது எழுதணுமா?" என்று பேனாவை நீட்டினார். வாங்கி 1906 என்று எழுதினேன். பக்கத்தில் இந்தியன் வங்கி, 1907 என்றும் எழுதினேன். அர்பத்நாட் முழுகிய பிறகு இந்தியன் வங்கியைத் தொடங்க முன்னின்ற வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் கதையை மரத்தடியில் உட்காரவைத்துச் சொன்னேன். நான் எழுதியதை அவர் ஊருக்குப் போய் வைத்துக்கொண்டாரா, அழித்துவிட்டாரா என்பதுதான் எனக்கு அரிப்பு.

பனங்கிழங்கு (டண்டீ)

நான் மிட்வைஃபா வேலை செய்யிறன். அதால பெயர் சொல்லமாட்டன், கேக்கவும் வேண்டாம். இங்கிலாந்து எல்லையில இருக்கிற போர்டர்ஸ் பக்கத்து மிக அரிதான ஒரு பெயர் எண்டு மட்டும் வையுங்கோ.

ஆம்பிளைப் பிள்ளை பிறந்தது. அம்மாக்காரியின்ர அப்பா பாக்க வந்தவர், தொப்பியைக் கையில சுருட்டிப் பிடிச்சபடி கதிரையில இருந்தவர். மகள் சொன்னவா, "டாட், இவனுக்கு நடுப்பெயரா எங்கட பெயரை வைக்கிறன்." மனுசன் ஒண்டும் கதைக்கேல்லை. என்னட்டத் திரும்பி, பிறப்புப் பதிய எத்தனை நாள் இருக்கு எண்டு கேட்டார். இருபத்தொரு நாள் எண்டன். "நாளைக்கே போவம்" எண்டார். பிறகு சொன்னார், அந்தப் பெயரில அவர்தான் கடைசி, அண்ணன் தம்பி இல்லை, பிள்ளையள் எல்லாம் பொம்பிளைப் பிள்ளையள் எண்டு. சுருட்டின தொப்பி அப்பிடியே இருந்தது. பிள்ளையைத் தூக்கச் சொல்லிக் குடுத்தாப் பிறகுதான் அதைக் கீழ வைச்சவர்.

கணக்குப்பிள்ளை (கிளாஸ்கோ)

@பனங்கிழங்கு, "நான்தான் கடைசி" என்று சொல்கிற ஸ்காட்லாந்துக்காரர்களை நம்பாதீர்கள். எனக்கும் ஒருவர் ரயிலில் அப்படிச் சொன்னார். இறங்கும்போது அவர் போனில் கூப்பிட்டது அதே பெயர்கொண்ட சித்தப்பா மகனை. என் அனுபவம் இத்தோடு முடிந்தது.

இனி விஷயம். அந்தப் பெரியவர் மகளிடம் சொல்லுங்கள், ஸ்காட்லாந்து அரசே நடத்தும் 'ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்' தளத்தில் பெயர் போட்டுத் தேட வேண்டும். அட்டவணையில் தேடுவது இலவசம். பதிவின் படத்தைத் திறக்கத்தான் காசு. 1855 ஜனவரியில்தான் கட்டாயப் பதிவு தொடங்கியது. அந்த ஒரு வருடப் பதிவு தங்கச் சுரங்கம். பெற்றோரின் வயது, பிறந்த ஊர், முன்பிறந்த பிள்ளைகள் எத்தனை என்று எல்லாம் கேட்டிருந்தார்கள். எழுதி மாளவில்லை என்று அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் உள்ளது வேண்டுமானால் தேவாலயப் பங்குகளின் பழைய பதிவேடுகள், மிகப் பழையது 1553. பிறப்பென்றால் நூறு வருடம், திருமணம் எழுபத்தைந்து, இறப்பு ஐம்பது தாண்டியிருந்தால்தான் படம் இணையத்தில் திறக்கும். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடக் கூடாது. பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவுதான். ஒரு டி, இரண்டு டி என்று மேலே சண்டை போடுகிறீர்களே, பழைய பதிவேட்டில் ஒரே ஆளுக்கு ஞானஸ்நானத்தில் ஒன்று, கல்யாணத்தில் ஒன்று இருக்கும். உயிரெழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். தாயின் பெயரையும் தனிக்கட்டத்தில் கொடுத்துத் தேடுங்கள்.

பெயர் ஏன் அரிதாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மித் எல்லா ஊர்ப் பட்டறையிலும் பிறந்தது. அதனால்தான் இன்றைக்கும் ஸ்மித், பிரவுன், வில்சன் என்று பட்டியலின் தலைமாட்டில் நிற்கிறது. மலைப்பக்கத்தில் குலத் தலைவரின் பெயரைக் குடிமக்களும் எடுத்துக்கொண்டார்கள், அதனால் கேம்ப்பெல், மெக்டொனால்ட் பெருகியது. அர்பத்நாட் மாதிரிப் பெயருக்கு ஒரே ஊர், ஒரே குடும்பம். ஆண்பிள்ளை இல்லாத தலைமுறை இரண்டு வந்தால் ஒரு கிளை போச்சு. யாரும் பாவம் செய்ததால் அல்ல, வெறும் நிகழ்தகவு. கால்டன், வாட்சன் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் 1874இல் குடும்பப்பெயர் அழிவதற்கே கணக்குப் போட்டார்கள். அதற்கும் முன்னால், 1710இல், லண்டனில் தொடர்ந்து 82 வருடம் பெண்குழந்தைகளைவிட ஆண்குழந்தைகளே அதிகம் ஞானஸ்நானம் பெற்றதை எடுத்து, இது தற்செயலாக நடக்க வாய்ப்பே இல்லை என்று எழுதியவர் யார்? பாரிமுனை சொன்ன அதே டாக்டர் ஜான் அர்பத்நாட். அவர் அதைக் கடவுள் செயல் என்றார், அது வேறு கதை.

நடுப்பெயராக வைப்பது நல்ல யோசனை, பழைய வழக்கமும்கூட. பெரிய அறுவை மருத்துவர் வில்லியம் அர்பத்நாட் லேனுக்கு அந்தப் பெயர் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் பெரியவனாகிப் பாஸ்போர்ட்டில் அதை விட்டுவிட்டால் எல்லாம் வீண். இப்போதே இரட்டைப் பெயராகக் கோடு போட்டுப் பதியச் சொல்லுங்கள்.

பனங்கிழங்கு (டண்டீ)

அண்ணை, அவையள் பதிஞ்சு முடிச்சாச்சு. நான் ஒண்டும் கேக்கேல்லையே.

மழைக்குருவி (பெர்த்)

ராத்திரி ரயில் தாமதம். ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி. முன்சீட்டின் பின்னால் மாட்டியிருந்த லைசென்ஸ் அட்டையில் ரூத்வென் என்று இருந்தது. நான் அப்படியே படித்தேன். "ரிவன்" என்று திருத்தினார். தொழிலில் எத்தனை வருடம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல், "1600இல் இந்த ஊரில் எங்கள் பெயரையே சட்டம் போட்டு ஒழித்தார்கள், தெரியுமா?" என்றார். ரூத்வென் குடும்பத்துக் கவ்ரி பிரபுவும் தம்பியும் இதே பெர்த்தில் மன்னர் ஆறாம் ஜேம்ஸின் ஆட்களால் கொல்லப்பட்டதற்குப் பிறகு, பாராளுமன்றம் அந்தப் பெயரையே தடைசெய்தது. ஊருக்கு வெளியே இருந்த ரூத்வென் கோட்டைக்குக்கூட ஹண்டிங்டவர் என்று பெயர் மாற்றினார்கள். இதையெல்லாம் நேற்று நடந்த குடும்பத் தகராறு மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். பணம் கொடுக்கும்போது அட்டையைத் தட்டிக்காட்டி, "இப்போது கவுன்சிலே அடித்துக் கொடுக்கிறது" என்றார். அந்தத் தட்டலை மறக்க முடியவில்லை.

மெக்ரெகர் என்ற பெயருக்குப் போட்ட தடையை எல்லோரும் சொல்வார்கள், 1603இல் போட்டு முழுசாக 1774இல்தான் நீக்கினார்கள். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் எழுதினேன்.

மீன்வாடி (பக்கி)

எல்லோரும் அரிது அரிது என்கிறீர்கள். என் ஊருக்கு வந்து பாருங்கள். இந்தக் கரையோர மீனவக் குடியிருப்புகளில் பெயர்ப் பஞ்சம். ஒரு காலத்தில் பக்கியில் தெருவுக்குத் தெரு ஸ்மித், கௌவி (Cowie) என்ற பெயர்கள்தான். ஜார்ஜ் ஸ்மித் ஏழெட்டுப் பேர் இருந்தால் தபால்காரன் என்ன செய்வான்? அதனால் குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு பட்டப்பெயர். அது வாக்காளர் பட்டியலிலும் அடைப்புக்குறிக்குள் ஏறியது. மீன் மார்க்கெட்டில் முதல் வாரம் நான் ஒரு கிழவரை "மிஸ்டர் ஸ்மித்" என்று கூப்பிட்டேன். நாலு பேர் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார். கணக்குப்பிள்ளையின் இலவசத் தேடலில் ஜார்ஜ் ஸ்மித் என்று போட்டுப் பாருங்கள், அப்புறம் அர்பத்நாட்காரர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று புரியும்.

காற்றாடி மெக்கானிக் (லாரன்ஸ்கர்க்)

வடகடல்வாசி போன ஊருக்குத் தென்மேற்கே, கார்வாக் மலையில் எனக்கு வேலை. அந்தம்மா 1906க்கே அசரவில்லை என்கிறீர்கள், அவர்கள் வீட்டில் இதைவிடப் பெரிதெல்லாம் உண்டு. நிலத்துக்காரர் ஒருவர் என்னை நிறுத்தி மலைச்சரிவில் ஒரு குழியைக் காட்டினார். 1420 வாக்கில் மெல்வில் என்ற ஷெரிப் (ராஜாவின் வட்டார அதிகாரி) எல்லாப் பண்ணையார்களையும் படுத்தி எடுத்தானாம். ராஜாவிடம் புகார் போக, அவர் சலிப்பில் "அவனைச் சூப் வைத்துக் குடித்தால்தான் என்ன" என்று சொல்லித் தொலைத்தாராம். அர்பத்நாட், இன்னும் சில பண்ணையார்கள் சேர்ந்து வேட்டைக்கு என்று அழைத்துவந்து, இந்தக் குழியில் கொப்பரை ஏற்றி, ஆளை உள்ளே போட்டு, ஆளுக்கொரு கரண்டி குடித்தார்களாம். குடித்ததற்குச் சாட்சி இல்லை, ஆனால் குழிக்கு இன்றும் ஷெரிப்பின் கொப்பரை என்றுதான் பெயர்.

சொல்லி முடித்துவிட்டு, "என் மனைவியும் அந்த வம்சம்தான், வா, மத்தியானச் சாப்பாடு ஆகட்டும்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார். அடுப்பில் பெரிய பாத்திரம். அந்தம்மா கரண்டியோடு நின்று, "சூப் குடிப்பாய்தானே?" என்றார். நிலத்துக்காரர் கண்ணைச் சிமிட்டுகிறார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பார்லி போட்ட ஆட்டுக்கறிச் சூப். குளிருக்கு இரண்டு கிண்ணம் குடித்தேன்.