அம்பாசமுத்திரம் பக்கம் இடிந்த சிவன் கோயில்: எப்போது போவது, எதைப் பார்ப்பது?

வயற்காட்டுப் பயணி:
வணக்கம் அண்ணாச்சிமாரே. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் வயலுக்கு நடுவே பாதி இடிந்த சிவன் கோயில் இருக்கிறது. கிழக்கு பார்த்த சன்னதி. விமானத்தின் மேல்பாகம் இல்லை. முன்மண்டபத்தில் கூரைக்கல் இரண்டு விழுந்து கிடக்கிறது. அடிப்பகுதி முழுக்க எழுத்து. தொல்லியல் துறைப் பலகை எதுவும் கிடையாது. எழுத்தைப் படம் எடுக்க எந்த மாதம், எந்த நேரம் தோது? சாக்பீஸ் தேய்த்தால் தெளிவாகத் தெரியும் என்கிறார்கள், செய்யலாமா?

அம்பைக்காரன்:
மாதத்தை முடிவு செய்வது வயல்தான். பிசான நெல் நட்டுவிட்டால் அறுவடை வரை வரப்பு ஒன்றுதான் வழி, அதுவும் வழுக்கும். ஆனியில் கார் நெல் வேலை தொடங்கிவிடும். இடையில் பங்குனிக் கடைசியும் சித்திரையும்தான் நடக்கத் தோது.

ஊருக்குள் நுழைந்ததும் நேரே கோயிலுக்குப் போகாதீர்கள். அங்கே விளக்குப் போடுகிறவர் யார் என்று டீக்கடையில் கேளுங்கள். கூரை போன கோயிலிலும் கருவறைக்குக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டியிருப்பார்கள், சாவி அவரிடம் இருக்கும். சிலைத் திருட்டுப் பயம் எல்லா ஊரிலும் உண்டு. கேமராவும் டார்ச்சுமாக ஒருவர் தனியாகச் சுற்றினால் சந்தேகப்படத்தான் செய்வார்கள். ஊர்க்காரர் ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே சுற்ற ஷூ, மண்டபத்தில் ஏறும்போது கழற்றிவிடுங்கள். விழுந்து கிடக்கும் கல்லைப் புரட்டாதீர்கள், இடுக்கில் விரியன் கிடக்கும். கடித்தால் கயிறு கட்டுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். கபோதத்துக்கு (சுவருக்கு மேலே வெளியே நீட்டியிருக்கும் கல்விளிம்பு) அடியில் கதண்டுக் (விஷக் குளவி) கூடு இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

கல்லெழுத்து:
சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். சாக்பீஸ் பூசினால் பொரிந்த கல்லின் பள்ளமும் எழுத்தைப் போலத் தெரியும். அடுத்து வருகிறவர் தப்பாகப் படிப்பார். எண்ணெய் தூசியைப் பிடித்து எழுத்தை மூடிவிடும்.

தேவையானது சாய்ந்த வெளிச்சம். வெயில் சுவரை உரசினாற்போல் விழுந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் நிழல் வரும். கிழக்கு பார்த்த கோயிலில் இது காலை ஏழு மணி வாக்கிலும் மாலை ஐந்து மணி வாக்கிலும் கிடைக்கும். ஆனால் எந்தச் சுவர் என்பது மாதத்தைப் பொறுத்தது. மார்ச் 21-க்குப் பிறகு சூரியன் கிழக்குக்கு வடக்கே தள்ளி உதிப்பதால் செப்டம்பர் பின்பாதி வரை வடசுவருக்கு வெயில். மற்ற ஆறு மாதம் தென்சுவருக்கு. நீங்கள் சித்திரையில் போனால் அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகி இருக்கும் வடபக்கத்தை வெயிலில் எடுங்கள். தென்பக்கத்துக்குக் குடை பிடித்து நிழலாக்கி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கவேண்டும்.

கேமராவை எழுத்துக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் வையுங்கள். அடிப்பகுதியின் அடுக்குகளான ஜகதியும் குமுதமும் தாழ்வாக இருக்கும், உட்கார்ந்துதான் எடுக்கவேண்டும். ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வரட்டும். அளவு நாடா ஒன்று படத்தில் தெரியட்டும். வரி எந்தக் கல்லில் தொடங்கி எந்த மூலையைச் சுற்றிப் போகிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். பழைய திருப்பணியில் கல் இடம் மாறியிருந்தால் வரி பாதியில் முறியும், அது வரைபடத்தில்தான் பிடிபடும்.

வட்டெழுத்தாக (வளைவு வளைவான பழைய எழுத்து) இருந்தால் பெரும்பாலும் சோழர் வருவதற்கு முந்திய பாண்டியர் காலம். கல்வெட்டு ‘திருமகள் போல’ என்று அரசன் புகழோடு தொடங்கினால் முதலாம் இராசராசன் காலம், ‘திருமன்னி வளர’ என்றால் இராசேந்திரன். நம் பக்கத்துப் பிற்காலக் கல்வெட்டில் கேரளத்து ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டு வரும். ௭௱௨௰௪ என்றிருந்தால் 724. ஆவணி முதல் மார்கழி நடுவரை 824-ஐயும், பிறகு 825-ஐயும் கூட்டினால் கி.பி. ஆண்டு வரும்: 1548-49. வந்தபின் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்ற பதிப்பு வரிசையின் 14ஆம் தொகுதியைப் பாருங்கள், அது முழுக்கப் பாண்டியர் கல்வெட்டு. உங்கள் ஊர் ஏற்கெனவே அதில் இருக்கக்கூடும்.

வயற்காட்டுப் பயணி:
நன்றி அண்ணாச்சி. மேல்பாகம் போய் அடி மட்டும் நிற்பது ஏன்? விழாமல் இருக்கும் மண்டபத்துக்குள் நிற்கலாமா?

கல்வேலை:
பல கோயிலில் கூரை மட்டம் வரை கல், அதற்கு மேல் செங்கலும் சுண்ணாம்பும். சுதை உதிர்ந்ததும் அரசும் ஆலும் செங்கலுக்குள் வேர்விட்டுப் பிளந்துவிடும். அந்தச் செடியைப் பிடுங்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும்.

மண்டபத்தில் முதலில் உத்திரத்தின் நடுவே அண்ணாந்து பாருங்கள். கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அதனால் விரிசல் நடுவில், அடிப்பக்கம்தான் தொடங்கும். அங்கே மேல்நோக்கி ஒரு கோடு தெரிந்தாலோ, உத்திரத்தின் முனை, தூணின் தலையில் அதைத் தாங்கும் போதிகையை விட்டு நழுவியிருந்தாலோ உள்ளே போகவேண்டாம். மழைக்கு மறுநாள் அறவே வேண்டாம்.

இன்னொன்று: அன்று முதலில் அம்பாசமுத்திரம் பக்கத்துத் திருவாலீஸ்வரம் போய்விட்டு இங்கே வாருங்கள். சோழர் காலக் கோயில், தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நிற்கிறது. ‘மூன்று கை மகாசேனை’ என்ற படைப்பிரிவைச் சொல்லும் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடியிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு, சுவர், கபோதம், மேல்தளச் சிவன் திருமேனிகள் வரை கண்ணில் ஏற்றிக்கொண்டால், இடிந்த கோயிலில் எது விழுந்தது, புல்லில் கிடப்பது எந்த உறுப்பு என்பதெல்லாம் தானாகப் புரியும்.

மண்ணுக்குள் சிலையோ செம்போ தட்டுப்பட்டால் தோண்டாமல் அப்படியே விட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் பெறும் எதுவானாலும் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்.