குளூட்டமேட் ஏற்பிகள்: ‘மூளைசாரா’வா, ‘புறத்திசு’வா?

நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான குளூட்டமேட் என்றதும் மூளையே நினைவுக்கு வருவதால், பிற உறுப்புகளில் காணப்படும் அதன் ஏற்பிகளை (அதை உணரும் புரதங்களை) ‘மூளைசாரா குளூட்டமேட் ஏற்பிகள்’ எனத் தமிழில் அழைக்கலாம் என்ற பரிந்துரை இயல்பாகவே எழுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்டுவடமும் மூளைக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் மூளையும் தண்டுவடமும் சேர்ந்த மைய நரம்பு மண்டலத்தைத் தாண்டிய இடங்களையே இங்கே கருதுவதால், தண்டுவடத்து ஏற்பிகள் இவ்வகையில் சேரா. மேலும், ‘சாரா’ என்பது தொடர்பின்மையைச் சுட்டும். நாக்கின் சுவை மொட்டுகளில் டி1ஆர்1, டி1ஆர்3 என்னும் இரு புரதங்கள் இணைந்து குளூட்டமேட்டை உணர்வதால்தான், 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா கடற்பாசிச் சாற்றில் இனங்கண்ட உமாமி என்னும் சுவை மூளைக்குத் தெரியவருகிறது. அதை மூளைசாராதது என்று எப்படிச் சொல்வது?

‘நரம்புசாரா’ என்பதும் பொருந்தாது. குடற்சுவரின் நரம்பணுக்களிலும் தோலில் முடியும் வலியுணர் நரம்பிழைகளிலும் இவ்வேற்பிகள் உண்டு. கணையத்திலோ ஆல்ஃபா உயிரணு, இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் இயக்குநீரான குளுக்ககானோடு சேர்த்துக் குளூட்டமேட்டையும் வெளியிடுகிறது. அந்தக் குளூட்டமேட் அதே உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைத் திறந்து, அயனிகளை உள்ளே விட்டு, இன்னும் குளுக்ககான் சுரக்கத் தூண்டுகிறது. தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுவது போன்ற இந்த ஏற்பாட்டை நடத்துபவை, மூளையிலும் உள்ள ஆம்ப்பா, கைனேட் வகை ஏற்பிகளே. எலும்பை ஆக்கும் உயிரணுக்களிலும் அரிக்கும் உயிரணுக்களிலும் என்.எம்.டி.ஏ. வகை காணப்படுகிறது. ஏற்பிகள் பெரும்பாலும் மூளையில் உள்ளவையேயாக இருக்க, கலைச்சொல் இருப்பிடத்தை மட்டும் குறித்தால் போதும்.

எனவே ‘புறத்திசுக் குளூட்டமேட் ஏற்பி’ என முன்மொழிகிறேன். திசுவை இழையம் என்றும் ஏற்பியை வாங்கி என்றும் பயின்ற இலங்கை வாசகர்கள் ‘புறவிழையக் குளூட்டமேட் வாங்கி’ என எழுதிக்கொள்ளலாம். ‘மூளைப்புற ஏற்பி’ என்று மட்டும் சுருக்கிவிட வேண்டாம். அது பெருமூளையின் மேலடுக்கான புறணியோடு குழம்பும், அங்கோ இவ்வேற்பிகள் நிறைந்து கிடக்கின்றன.

இவ்வேற்பிகளின் உட்பிரிவுகளில், அயனிகளுக்கு வழிதிறக்கும் பிரிவுக்கு ‘அயனித்தட ஏற்பி’ என்பது சிக்கலின்றி நிற்கிறது. எட்டு வகைகளைக் கொண்ட மற்றொரு பிரிவை (ஆங்கிலத்தில் metabotropic) ‘வளர்சிதைமாற்ற ஏற்பி’ என்பதைத்தான் கைவிட வேண்டும். அவை உயிரணுவின் உள்ளேயுள்ள ஜி-புரதம் என்னும் புரதத்தின் வழியே செய்தி கடத்துபவை. ஆகவே ‘ஜி-புரதவழிக் குளூட்டமேட் ஏற்பி’ என்பதே தகும். இவற்றுள் முதலாம் வகை தோலின் நிறமியணுக்களில் இடம்மாறித் தோன்றினால் எலிகளுக்கு மெலனோமா புற்றுநோய் உண்டாகும் என்று 2003இல் காட்டப்பட்டது. அதைப் படிக்கவரும் மாணவர் ‘வளர்சிதைமாற்ற’ என்ற அடையைக் கண்டால், உணவையும் உடல் எடையையும் அல்லவா தேடிப் போவார்!