பொருள்: இரும்பு டிரிப் தாள் – ‘சிரைப்புறக் கசிவு’க்கு மாற்றுச் சொல் வேண்டும்

பினாங்கிலிருந்து தாதி:

குழுவினருக்கு வணக்கம். இரும்புச்சத்தை டிரிப் வழியாக ஏற்றிக்கொள்ளும் நோயாளிகளுக்கான தமிழ்த் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ‘சிரைப்புறக் கசிவு’ என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். ஊசி இடம் பெயர்ந்தால் மருந்து இரத்தக் குழாய்க்குள் போகாமல் சுற்றியுள்ள சதையில் இறங்கிவிடுகிறது. வெறும் உப்புநீர் என்றால் வீங்கி வற்றிவிடும். இரும்போ தோலுக்கடியில் பழுப்பாகப் படிந்து மாதக்கணக்கில் தங்கும், சிலருக்கு மறைவதே இல்லை. ஒரு பாட்டியின் முழங்கை உட்புறத்தில், தேநீர் கொட்டிக் காய்ந்தாற்போல, உள்ளங்கை அகலத்துக்கு அப்படி ஒரு கறையைப் பார்த்தேன். “ஏற்றும்போது எரிந்ததா பாட்டி?” என்று கேட்டேன். “எரிந்தது, மிஸ்ஸிக்கு (தாதிக்கு) ஏன் தொந்தரவு என்று பேசாமல் இருந்துவிட்டேன்” என்றார். அவரைப் போன்றவர் படித்த மாத்திரத்தில் வாய் திறக்க வேண்டும். ‘சிரைப்புறக் கசிவு’ என்று எழுதினால் திறப்பாரா?

கோலாலம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, இரத்தக் குழாயைக் குறிக்கும் சிரை வடசொல், அதற்கு மாற்றாக வழங்கும் நாளமும் வடசொல்லே. 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய நாட்டில் அச்சாகும் தாளுக்கு இவை வேண்டாம். நம்மிடம் ‘நரம்பு’ இருக்கிறது. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் முதியவளின் தோள் ‘நரம்பு எழுந்து உலறிய’ தோளாக வருகிறது. தோலின்மேல் புடைத்துத் தெரிவதைத்தான் அங்கே நரம்பு என்றார்கள். நீங்கள் ஊசி குத்தத் தேடுவதும் அதைத்தானே? ‘கசிவு’ எனக்கு உடன்பாடில்லை. சம்பந்தர் ‘காதலாகிக் கசிந்து’ என்று பாடும் கசிவு, உள்ளிருப்பது நிறைந்து நெகிழ்ந்து மெல்ல வெளிப்படுவது. இங்கே மருந்து தன் வழியிலிருந்து தவறுகிறது, தவறுவது வழுவுதல். திணை வழு, பால் வழு என்று இலக்கணம் பேசுவதும் இவ்வேரிலிருந்துதான். ஆகவே ‘நரம்பு வழுவல்’ என்பதை முன்மொழிகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து மருத்துவர்:

ஐயா, சங்கப் பாட்டுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் இன்றைய மருத்துவத் தமிழில் நரம்பு என்பது உணர்வைக் கடத்தும் இழை. அதே நோயாளியின் கையில் ‘நீரிழிவால் நரம்பு பாதிக்கப்படும்’ என்ற இன்னொரு தாளும் இருக்கும். ஒரே சொல் இரு பொருளில் வந்தால் அவர் என்ன செய்வார்?

எனக்குச் சொல்லைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வரைவில் கசிவும் ஒவ்வாமையும் ‘எதிர்விளைவுகள்’ என்ற ஒரே தலைப்பில் கிடக்கின்றன. ஒவ்வாமை அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது: தோலில் தடிப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சிறுக்கம், தலைசுற்றல். முன்பு தாங்கியவருக்கும் பின்னொரு முறை அது வரக்கூடும் என்பதால், சோதனைத் துளி ஒன்றை ஏற்றிப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம் என்றும், ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் குறைந்தது 30 நிமிடம் நோயாளியைக் கண்காணிக்க வேண்டும் என்றும் ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அறிவுறுத்தியது. கசிந்ததற்கு ஊசி நின்ற இடம் காரணம். மருந்து உடலுக்கு ஒவ்வாததால் அது நேரவில்லை. இரண்டையும் கலந்தால், கறை விழுந்தவர் ‘இரும்பு எனக்கு ஆகாது’ என்று அடுத்த முறை வரமாட்டார், சோகையும் தீராது.

பட்டர்வொர்த்திலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

கசிவு இருக்கட்டும், கூரையிலும் குழாயிலும் நாள்தோறும் புழங்கும் சொல். அதோடு கறையைச் சேர்த்துக் ‘கறைக்கசிவு’ எனலாமே? நஞ்சுண்ட இறைவனின் கழுத்தைக் ‘கறைமிடறு’ என்று பாடிய மொழி இது. அழியாதது என்ற பொருள் கறைக்குள்ளேயே இருக்கிறது. (கறுமை என்பதோடு கறை உறவுடையதா என்பதைத் தனி இழையில் பேச விரும்புகிறேன்.)

பினாங்கிலிருந்து தாதி:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வார்டில் மூவரிடம் வாசித்துக் காட்டினேன். ‘வழுவல்’ ஓர் அம்மாவின் காதில் ‘வழுக்கல்’ என்று விழுந்தது. ‘கறைக்கசிவு’ என்றதும் ஒருவர் கையை இழுத்துக்கொண்டு, கறை கட்டாயம் வருமா என்று கேட்டார். ‘மருந்துக் கசிவு’ மூவருக்கும் உடனே புரிந்தது. எனவே தாளில் இப்படிப் போகிறது: “மருந்துக் கசிவு: ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வலித்தாலோ வீங்கினாலோ மருந்து இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்துகொண்டிருக்கலாம். அப்போதே தாதியைக் கூப்பிடுங்கள், டிரிப்பை நிறுத்துவோம். கூப்பிடுவது தொந்தரவு அன்று.” ஒவ்வாமைக்குத் தனித் தலைப்பும் தனிக் கட்டமும் கொடுத்துவிட்டேன்.

கோலாலம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்கு இணங்கி ‘மருந்துக் கசிவு’ என்பதை ஏற்கிறேன். ‘இரத்தக் குழாய்’ என்பதை ஏற்கவில்லை. அந்த மூவரிடமும் ஊசி எதில் குத்தப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள் அம்மா. மூவரும் ‘நரம்பில்’ என்றுதான் சொல்வார்கள்.